கூழாங்கற் கரையும் அதன் பெயரும்
நீஸ் நகரக் கடற்கரை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடற்கரை என்றதும் நம்மிற் பெரும்பாலோருக்கு மணற்பரப்பே நினைவுக்கு வரும். பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லைக்கு அண்மையில் மத்தியதரைக் கடலை நோக்கியமைந்துள்ள நீஸ் நகரின் கரையோ மணலால் ஆனதன்று. உள்ளங்கையளவினவும் அதனிற் சிறியனவுமான சாம்பல் நிறக் கூழாங்கற்களே அங்கு நீரின் விளிம்பு வரை பரந்து கிடக்கின்றன. அவற்றுட் பல தட்டையானவை. சிலவற்றில் வெண்ணிறக் கோடுகள் ஓடுகின்றன. வெறுங்காலுடன் அவற்றின் மேல் நடக்க முயல்பவர் பத்து அடி செல்வதற்குள் வேதனையுறுவர். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உருண்டு எழுப்பும் ஒலி, மணற்கரைகளில் ஒருபோதும் கேட்கப்படாத ஒன்றாகும்.

இக்கரையை ஒட்டி, அதனிற் சில அடிகள் உயர்ந்து, ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமான ஓர் உலாவீதி செல்கின்றது. அதன் பெயர் ‘ஆங்கிலேயர் உலாவீதி’ என்பதாகும். பிரான்சு நாட்டு நகரமொன்றின் தலையாய வீதி ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கியிருப்பது ஏன் என்னும் கேள்வி, அங்கு செல்லும் எவருக்கும் எழுதல் இயல்பே. வழிகாட்டி நூல்கள் அதற்கு விடையும் கூறுகின்றன: ஆங்கிலேயர் அவ்வீதியை அமைத்தனர். இவ்விடை பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. பணம் கொடுத்தோர் யார், கல் சுமந்தோர் யார் என்று பிரித்து நோக்கும்போது அக்கரையின் வரலாறு வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கற்களின் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமானது. நீஸ் நகரின் பின்னே அல்ப்ஸ் மலைத்தொடர் கடலை நோக்கி இறங்குகின்றது. மேற்கே வார் ஆறும், நகரின் ஊடாகப் பாயோன் என்னும் சிற்றாறும் கடலை அடைகின்றன. கோடையில் பாயோனில் நீர் மிகக் குறைவு. மழை பெய்தாலோ அது காட்டாறாக மாறும். மலையிற் பெயர்ந்த சுண்ணக்கற் பாறைத் துண்டுகளை இவ்விரு ஆறுகளும் உருட்டி உருட்டி உருளையாக்கிக் கடலிற் சேர்த்தன. அலைகள் அவற்றை மீளவும் கரையில் ஒதுக்கின. இக்கடற்பகுதியில் கரையை அடுத்த ஆழமற்ற அடித்தளம் மிகக் குறுகியது. கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடல் ஆழமாகி விடுகின்றது. எனவே புயலாற் கீழே இழுத்துச் செல்லப்படும் கற்களிற் பல மீண்டு வருவதில்லை. ஆறுகள் புதிய கற்களைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை மட்டுமே இத்தகைய கரை நிலைக்கும். இவ்வுண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

இக்கரையில் மனிதர் எப்போது முதன்முதலாகத் தங்கினர்? 1966ஆம் ஆண்டில், துறைமுகத்துக்குக் கிழக்கே மொன் போறோன் குன்றின் சரிவில் மாடிவீடுகள் கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது, தெரா அமாத்தா எனும் இடத்தில் பழங்கற்கால மக்களின் தங்குமிடமொன்று வெளிப்பட்டது. தொல்லியலாளர் ஹென்றி டி லும்லி சில மாதங்களுக்குள் அவசர அகழ்வாய்வினை நடத்தி முடித்தார். ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் அவ்விடம், இன்று கடல்மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரத்திலுள்ளது. எனினும் அக்காலத்தில் அது ஒரு கடற்கரை. அதுவும் கூழாங்கற் கரை. யானை, மான் முதலியவற்றின் எலும்புகளும், தீ மூட்டிய தடயங்களும், மனிதப் பாதச்சுவடு ஒன்றும், கரையிற் கிடந்த கூழாங்கற்களையே உடைத்துச் செய்த கருவிகளும் அங்கு கிடைத்தன.

நீள்வட்ட வடிவான குடிசைகளை அமைத்து அம்மக்கள் வாழ்ந்தனரென லும்லி விளக்கினார். இக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆனால் 1983இல் வெளிவந்த தமது ஆய்வில் பவோலா வில்லா என்னும் ஆய்வாளர், வெவ்வேறு அடுக்குகளிற் கிடைத்த கற்றுண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டினார். அடுக்குகள் தம்முள் கலந்துவிட்டன என்பதும், குடிசைகள் பற்றிய விளக்கம் மறுபரிசீலனைக்குரியது என்பதும் இதனால் உணரப்பட்டன. குடிசைகள் பற்றிய ஐயம் எவ்வாறாயினும், இக்கரைக் கல்லைக் கையிலெடுத்துப் பயன்படுத்திய உழைப்பு வேட்டையாடி வாழ்ந்த அம்மக்களிடமிருந்தே தொடங்குகின்றது என்பதில் ஐயமில்லை. அகழ்வாய்வு முடிந்தபின் மாடிவீடுகள் கட்டப்பட்டன. அவற்றின் கீழ்த்தளத்தில் 1976இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

வரலாற்றுக் காலத்துக்கு வருவோமாயின், கி. மு. 600 அளவில் மசாலியாவில், அதாவது இன்றைய மார்செய் நகரில், குடியேறிய கிரேக்கரின் வழிவந்தோரே நிக்காயா என்னும் பெயருடன் இந்நகரை நிறுவினர். கி. மு. நான்காம் நூற்றாண்டளவில் இது நிகழ்ந்ததெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. மலைநாட்டுக் குடிகளிடமிருந்து தம்மைக் காத்துக் கொள்வதற்காக மசாலியர் அமைத்த அரண்களுள் இதனையும் ஒன்றாகப் புவியியலாளர் ஸ்திராபோ குறிப்பிடுகின்றார். பின்னர் வந்த உரோமர் கடலோரத்தைவிட மேட்டு நிலத்தையே விரும்பினர். அவர்களது செமெனெலும் நகர் உள்ளே குன்றின் மேல் அமைந்தது. 1388இல் நீஸ் மக்கள் சவோய் கோமகனின் ஆட்சியை ஏற்றனர். இடையிடையே பிரான்சியர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1860 வரை அந்நகர் சவோய் அரசமரபுக்கே உரியதாயிருந்தது.

இந்நீண்ட காலத்தில் நகரத்தார் கடற்கரையை எவ்வாறு நோக்கினர் என்பது கவனத்திற்குரியது. கரை அவர்களுக்கு உலாவுமிடமன்று. அது தொழிலிடம், அச்சம் வரும் திசையுமாகும். செயற்கைத் துறைமுகம் தோண்டும் பணி 1749இலேயே தொடங்கிற்று. அதுவரை படகுகள் கற்கரையின் மேலேயே இழுத்து ஏற்றப்பட்டன. மீனவரின் தாழ்ந்த வீடுகளும் களஞ்சியங்களும் பழைய நகரின் கடல்முகத்தில் வரிசையாக நின்றன. பாயோன் ஆற்றுப்படுகையில் சலவைப் பெண்கள் துணி துவைத்து, அங்குள்ள கற்களின் மேலேயே உலர்த்தினர்.

அச்சம் மெய்யான ஆண்டு 1543 ஆகும். பிரான்சிய மன்னன் முதலாம் பிரான்சுவா, துருக்கிய சுல்தான் சுலைமானுடன் கூட்டுச் சேர்ந்திருந்தான். பாப்பறோசா எனப்பட்ட ஹைருத்தீனின் கடற்படையும் பிரான்சியப் படையும் நீஸ் நகரை முற்றுகையிட்டன. ஓகத்து மாதத்தில் கீழ்நகர் பணிந்தது. குன்றின் மேலிருந்த கோட்டை பணியவில்லை. இம்முற்றுகையின்போது கதறின் செகுரான் என்னும் சலவைப் பெண் தன் துணியடிக்கும் கட்டையால் துருக்கியக் கொடிவீரனை வீழ்த்தினாள் என நகரத்தார் போற்றுவர். அவளுக்கு நினைவுச்சின்னமும் உண்டு. எனினும் சமகாலத்தோர் எழுதிய குறிப்புகளில் அவளைப் பற்றிய செய்தி காணப்படவில்லை. கோட்டையின் கதையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1706இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆணைப்படி அது தகர்க்கப்பட்டது. இன்று அக்குன்று ஒரு பூங்கா. அங்கு கோட்டை இல்லை. ஆயினும் மக்கள் அதனைக் ‘கோட்டைக் குன்று’ என்றே அழைக்கின்றனர். இடப்பெயர்கள் வரலாற்றைக் காக்கவும் வல்லன, மறைக்கவும் வல்லன என்பதற்கு இது சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதியதொரு கூட்டத்தார் இக்கரைக்கு வந்தனர். அவர்கள் நோயுற்ற செல்வர். இங்கிலாந்தின் குளிரையும் ஈரத்தையும் தாங்காத நெஞ்சுநோயாளருக்குத் தென்திசைக் குளிர்காலத்தை மருத்துவர் பரிந்துரைத்தனர். நாவலாசிரியரும் மருத்துவருமான தொபியாஸ் ஸ்மொலற் 1763ஆம் ஆண்டின் இறுதியில் நீஸ் வந்து, 1765 வரை தங்கினார். தம் ஒரே மகளை இழந்த துயரும் நோயும் அவரை வாட்டியிருந்தன. அவர் மே மாதத்திற் கடலிற் குளிக்கத் தொடங்கியபோது உள்ளூரார் வியந்தனர். தம் உடல்நலம் தேறியதாக அவரே எழுதினார். 1766இல் வெளிவந்த அவரது பயணநூல், நீஸ் நகரின் நாள்தோறுமான வானிலைக் குறிப்புகளையும் உள்ளடக்கியிருந்தது. வெயிலைத் தேடிய ஆங்கில வாசகருக்கு அது ஓர் அழைப்பாயிற்று எனலாம். அதே நூல் அவ்வூர்க் குடியானவரின் கொடிய வறுமையையும் பதிவுசெய்துள்ளது. வாசகர் முன்னதை நினைவிற் கொண்டனர், பின்னதை மறந்தனர்.

நெப்போலியப் போர்கள் முடிந்தபின் ஆங்கிலேயரின் வருகை பெருகிற்று. அவர்கள் பழைய நகரின் ஒடுங்கிய சந்துகளில் வாழ விரும்பாது, பாயோனுக்கு மேற்கே, சலவைக்கற் சிலுவை நின்ற பகுதியில் வீடுகளை அமைத்தனர். ஆங்கிலத் திருச்சபையின் ஆலயமும் அங்கேயே எழுந்தது. கடல் அவர்களுக்கு அண்மையிலிருந்தது. ஆனால் கரையோரமாக நடப்பதற்கு வழியில்லை. கூழாங்கற்களின் மேல் நோயாளரும் முதியோரும் எவ்வாறு நடப்பர்?

இந்நிலையிற்றான் 1820–21 குளிர்காலம் வந்தது. அது வழக்கத்துக்கு மாறான கடுங்குளிரைக் கொண்டது. உறைபனியால் தோடை மரங்கள் அழிந்தன. அவற்றை நம்பி வாழ்ந்தோர் வேலையிழந்தனர். நகரில் இரப்போர் தொகை பெருகிற்று என்பது வழிவழி வந்த செய்தி. அங்கு தங்கியிருந்த ஆங்கிலக் குருவானவர் லூயிஸ் வே தம் நாட்டவரிடம் நிதி திரட்டினார். அந்நிதியைப் பிச்சையாகக் கொடாது, வேலையற்றோரைக் கொண்டு கடலோரமாக ஒரு பாதை அமைப்பித்து, அதற்குக் கூலியாகக் கொடுத்தனர். இவ்வாறு 1820களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலமான நடைபாதை ஒன்று உருவாயிற்று. நகரத்தார் தம் நீசார் மொழியில் அதனைக் ‘கமின் தெய் ஆங்லேஸ்’ என்றனர். ஆங்கிலேயர் பாதை என்பது அதன் பொருள்.

இந்நிகழ்ச்சியை இருவகையாக நோக்கலாம். ஒருபுறம், பட்டினியால் வாடியோருக்கு ஒரு குளிர்காலத்தைக் கடக்க வழி கிடைத்தது. இதனை இழித்துரைப்பது நேர்மையாகாது. தம் நாட்டவரல்லாதவர் மாட்டு இரக்கங்கொண்டு செயற்பட்ட ஒரு மனிதரின் முயற்சி அது. மறுபுறம், கொடுத்தோர் எதனைப் பெற்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அவர்கள் வீட்டு வாயிலுக்கு அண்மையிற் கடற்காற்று வாங்க ஒரு பாதை கிடைத்தது. தெருவில் எதிர்ப்பட்ட இரப்போரின் தொகையும் குறைந்தது. அறமும் தம்நலமும் ஒரே பாதையில் ஒன்றாய் நடந்தன. வறியோருக்குப் பணத்தை வெறுமனே கொடுத்தல் அவரைக் கெடுக்கும், உழைப்புக்கு ஈடாகவே கொடுத்தல் வேண்டும் என்பது அக்கால இங்கிலாந்திற் பரவியிருந்த கோட்பாடாகும். நீஸ் நகர நடைபாதை அக்கோட்பாட்டின் கல்வடிவம் என்று கூறின் அது மிகையாகாது.

மேலும், அப்பாதையைப் பயன்படுத்துவதில் கட்டியோருக்குத் தேவை இருந்ததா? மீனவர் கற்களின் மேல் நடந்தே பழகியவர். சலவைப் பெண்களுக்குக் கடலைப் பார்த்து உலாவ நேரமில்லை. தமக்குத் தேவையற்ற ஒன்றை, தம் கரையில், தம் கையால் அமைத்து, பிறர் பெயரை அதற்கு அவர்கள் இட்டனர். அப்பெயர் தொடக்கத்தில் புகழ்ச்சியாக இடப்பட்டதெனக் கொள்வதற்கும் இடமில்லை. ‘இது ஆங்கிலேயர் நடக்கும் வழி, நம்முடையதன்று’ என்று சுட்டும் எளிய அடையாளமாகவும் அது இருந்திருக்கலாம். மக்கள் வாய்மொழிப் பெயரைப் பின்னர் ஆட்சியாளர் ஏற்றுப் பலகையில் எழுதியபோது, அடையாளம் பாராட்டாக மாறிற்று.

அம்மாற்றம் விரைவில் நிகழ்ந்தது. 1844இல் நகரசபை பாதையைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1860 மார்ச் 24ஆந் திகதி தூரின் உடன்படிக்கையால் நீஸ் பிரான்சுக்கு அளிக்கப்பட்டது. ஏப்பிரல் மாதத்தில் நடந்த குடியொப்பத்தில் 25,743 வாக்குகள் ஆதரவாகவும், 160 மட்டுமே எதிராகவும் விழுந்தனவென அறிவிக்கப்பட்டது. பிரான்சியப் படையின் முன்னிலையில் நடந்த அவ்வாக்கெடுப்பை, 1807இல் இதே நகரிற் பிறந்தவரான கரிபால்டி வன்மையாகக் கண்டித்தார். 1864இற் புகையிரதம் வந்தது. அதன்பின் ஆங்கிலேயருடன் உருசியப் பிரபுக்களும் பிறரும் குளிர்காலந்தோறும் வந்து குவிந்தனர். விக்ரோறியா மகாராணியும் 1895 முதல் 1899 வரை இளவேனிற் காலங்களில் செமியே மேட்டில் வந்து தங்கினார். கடலினுள் இரும்புத் தூண்களின் மேல் ஒரு கேளிக்கை மாளிகை எழுந்தது. அது 1883இல் எரிந்து, 1891இல் மீளத் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின் போது செருமானியரால் உலோகத்துக்காகக் கழற்றப்பட்டது. 1913இல் நெகிரெஸ்கோ விடுதி திறக்கப்பட்டது. அகலமாக்கப்பட்ட உலாவீதியை 1931இற் திறந்து வைத்தவர் விக்ரோறியாவின் மைந்தரான கொனோற் கோமகன். நூறு ஆண்டுகளுக்கு முன் கல் சுமந்தோரின் வழிவந்தோர் அன்று அழைக்கப்பெற்றனரா என்று கேட்பது வீணாகும். அவர்கள் இன்னாரென்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஐந்து ஆண்டுகளின் பின், 1936இல், பிரான்சிய மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கிற்று. கடலைக் காணாத தொழிலாளர் பலர் முதன்முறையாகக் கடற்கரைகளுக்கு வந்தனர். குளிர்காலச் செல்வரின் கரை, கோடைகாலப் பொதுமக்களின் கரையாகவும் மாறத் தொடங்கியது. இச்சட்டத்தை வென்றெடுத்தது பெருந்திரளான வேலைநிறுத்தங்கள் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். கரையில் ஓய்ந்திருக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு எந்த நன்கொடையும் அளிக்கவில்லை.

இனிக் கற்களுக்கு மீள்வோம். பாயோன் ஆறு 1860களிலிருந்து படிப்படியாக மூடப்பட்டது. அதன் மேலே சதுக்கங்களும் பூங்காக்களும் தோன்றின. வார் ஆற்றிலே கட்டடங்களுக்காகச் சரளை அள்ளப்பட்டது, குறுக்கணைகள் கட்டப்பட்டன. அதன் கழிமுகத்தருகே கடலை நிரப்பி விமான நிலையம் அமைக்கப்பட்டது. 1979 ஒற்றோபர் 16ஆந் திகதி, விமான நிலையத்தையடுத்துப் புதிய துறைமுகத்துக்காக நிரப்பப்பட்ட நிலம் கடலினுட் சரிந்தது. அதனால் எழுந்த பேரலை அந்தீப் வரை கரையைத் தாக்கியது. அங்கு பணிபுரிந்துகொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பலர் மாண்டனர். கரையின் அடித்தளம் எத்துணைக் குறுகியது என்பதை அன்று நகரம் கண்டது.

இவ்வாறு ஆறுகள் கல் கொணர்வது குறைந்தது; புயல்கள் கல் பறிப்பது நிற்கவில்லை. ஆகவே பல பத்தாண்டுகளாகக் கனரக வண்டிகளில் கூழாங்கற்களைக் கொணர்ந்து கரையிற் கொட்டி, பொறிகளாற் பரப்பி வருகின்றனர். கோடையில் வரும் பயணி இயற்கையின் கொடை என எண்ணிக் கால் நீட்டியிருக்கும் கற்பரப்பிற் பெரும்பங்கு, அவ்வாறு மனித உழைப்பாற் கொணர்ந்து இடப்பட்டதே. 1820களிற் பாதைக்குக் கல் சுமக்கப்பட்டது. இன்று கரைக்கே கல் சுமக்கப்படுகின்றது. முன்னதில் வேலைசெய்தோரின் பெயர் இல்லை. பின்னதிலும் இல்லை.

இக்கரை துயரத்தையும் அறிந்தது. 2016 யூலை 14ஆந் திகதி, தேசிய தினக் கொண்டாட்டத்துக்குத் திரண்டிருந்த மக்கள் மீது உலாவீதியில் ஒருவன் பாரவண்டியை ஓட்டியதால் 86 பேர் கொல்லப்பட்டனர். அவர்களின் பெயர்கள் நினைவுச்சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. சாதாரண மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுதல் இயலும் என்பதையும், அவ்வாறு எழுதுதல் மாண்புடையது என்பதையும் அந்நகரமே காட்டிவிட்டது. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் நீஸ் நகரை ‘ரிவியேராவின் குளிர்கால ஓய்வு நகரம்’ என்னும் தகுதியில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஓய்வெடுத்தோரின் நகரம் என்ற பெயர் இதனால் மேலும் உறுதியாயிற்று. ஓய்வு ஒருவருக்கு இருந்தவிடத்து உழைப்பு இன்னொருவருக்கு இருந்தது என்பதை அப்பட்டியலின் தலைப்பு கூறவில்லை.

உலாவீதியின் பெயரை மாற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. பெயரை அழித்தல் இன்னொரு சான்றை அழித்தலாகும். அப்பெயரை ஒரு விடையாகக் கொள்ளாது, ஒரு கேள்வியாகக் கொள்ளுதலே வரலாற்று மாணவரின் கடன். உழைப்பாளருள் நீஸ் நகரம் பெயரிட்டுப் போற்றுவது கதறின் செகுரானை. ஆவணங்களோ அவளை அறியா. ஆவணங்களால் உறுதிப்படும் பாதையை அமைத்தோருக்கோ பெயரே இல்லை. இவ்விரண்டுக்குமிடையே உள்ள இடைவெளியில் எழுதப்படாத வரலாறு ஒன்று கிடக்கின்றது. அதனை நிரப்பும் ஏடுகள் இனிக் கிடைக்குமோ, அறியோம். ஆனால் நம்மூர் வீதியொன்றின் பெயர்ப்பலகையைக் காணும்போதும், இது யார் பெயர், யார் கையால் ஆனது என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழகுவோமாயின், அக்கூழாங்கற் கரை நமக்கும் ஒரு பாடம் புகட்டியதாகும்.